பக்கத்து சீட்

வியாழன், இரவு

நைட் ஷிப்ட் முடிந்து வந்த கையோடு காலையில் ஜெனியைக் கார் ஓட்டிப் பழகக் கூட்டிப் போனேன். டெஸ்ட் நெருங்குகிறது. அவளிடம் இருப்பது எல்.எல்.ஆர். மட்டும். வீட்டில் லைசென்ஸ் இருப்பது எனக்குத்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்தால்தான் என் மகள் வண்டியை எடுக்கலாம்.

சிப்காட் ரோடு காலியாக இருந்தது. ஏ.சி. காற்று முகத்தில் பட்டது. அதற்குப் பிறகு சத்தம் கேட்டுத்தான் கண் விழித்தேன். ஓரமாக நின்ற டெம்போவில் இடித்திருந்தாள். ஹெட்லைட் போச்சு. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை.

சாயங்காலம் இன்சூரன்ஸ் ஏஜென்ட் வந்தார். என்னை விட்டுவிட்டு அவளைத்தான் கேட்டார்.

“எல்.எல்.ஆர். வெச்சிக்கினு ஓட்டிக்கிறியே பாப்பா, பக்கத்துல லைசென்சு உள்ளவங்க இருந்தாங்களா? இல்லன்னா கிளெய்ம் கெடைக்காது.”

“அம்மா இருந்தாங்கண்ணா.”

“அவுங்க இன்னா பண்ணிக்கினு இருந்தாங்க?”

“பிரேக்கு, பிரேக்குன்னு கத்திக்கினு இருந்தாங்க. நான்தான் லேட்டா மிதிச்சேன்.”

டீ போடுகிற சாக்கில் உள்ளே போய்விட்டேன். அவர் போன பிறகும் ஜெனி அதைப் பற்றிப் பேசவில்லை. என்னைத் திட்டியாவது தொலைத்திருக்கலாம்.

இன்று ராத்திரி எனக்கு ஆஃப். படுத்தால் தூக்கம் வரவில்லை.

லைட்டை அணைக்கும்போது சொன்னாள்: “அடுத்த வாட்டி தூக்கம் வந்தா சொல்லும்மா. ஓரங்கட்டிட்றேன், நீ தூங்கு.”