அடியில் த.செ.

அருப்புக்கோட்டை
9 ஜூலை 2024

அன்பு ப்ரியா,

எனக்குப் பார்வை மங்கவில்லை. உன் அப்பா பாளையம்பட்டி டீக்கடையில், "அக்காவுக்குக் கண்ணு தெரியல. கொரியாக்காரன் வேலையைப் பூராம் கெடுத்துட்டாக, பாவம்" என்று சொல்லியிருக்கிறான். தம்பிக்கு இதை யார் சொன்னது?

உன் சியோல் பல்கலைக்கழகத்திலிருந்து நீ அனுப்பிய பழைய கொரியச் சமையல் ஏட்டின் படங்களைப் பார்த்து அப்படியே தட்டச்சு செய்தேன். அவர்களுடைய ஒவ்வோர் அசையையும் முதலெழுத்து, நடுவெழுத்து, கடையெழுத்து என்று தனித்தனியாக அடித்தால் கணினி ஒன்றாகச் சேர்க்கிறது. இன்று அங்கே வழக்கில் இல்லாத அந்தப் புள்ளி உயிரெழுத்தை ஓரிடத்திலும் விடவில்லை. பொருள் தெரியாவிட்டாலும், ஓர் எழுத்தும் தப்பக்கூடாது என்று கடைசி வரியிலிருந்து மேல்நோக்கி ஒப்பிட்டேன். கான்வென்ட்டில் சிஸ்டர் பழக்கியபடி, ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அடித்தவள் பெயராக 'த.செ.' என்று போட்டேன்.

இங்கே இன்னும் மழை இல்லை. நீ வேளைக்குச் சாப்பிடு.

உன் அத்தை,
தங்கச்செல்வி


சியோல்
11 ஜூலை

அத்தை,

போனை எடுக்க மாட்டேங்கிறீங்க, அதான் மெயில் எழுதுறேன். கோவிச்சுக்காதீங்க. நீங்க அடிச்சது சரிதான். என் கணினியில அந்தப் புள்ளி எழுத்தெல்லாம் துண்டு துண்டாப் பிரிஞ்சு தெரிஞ்சது. எழுத்துருவை மாத்தினாலே போதும், எனக்கு அப்பத் தோணலை. அசிங்கமா இருக்கேன்னு, புள்ளி வந்த இடத்துல எல்லாம் இன்றைய எழுத்தை மொத்தமாப் போட்டுட்டேன். பழைய எழுத்து எங்கேன்னு பேராசிரியர் கேட்டப்ப, வேலை போயிருமோன்னு பயந்து, அத்தைக்கு வயசாச்சு, கண்ணு தெரியலைன்னு சொல்லிட்டேன். அப்பாகிட்டயும் அதான் சொன்னேன். இங்க இருக்கவுக உங்களைப் பார்க்கவா போறாக?

ப்ரியா


அருப்புக்கோட்டை
12 ஜூலை 2024

கிருஷ்ணப்ரியா,

அவர்கள் என்னைப் பார்க்கப் போவதில்லை. 'த.செ.'யைப் பார்ப்பார்கள். புள்ளிகளை எல்லாம் எடுத்த நீ, அதை மட்டும் விட்டுவைத்தாய்.

உன் மாமா போன பிறகு என்னை நம்பி வேலை தந்தவள் நீ ஒருத்திதான். காலையில் குளித்து, இஸ்திரி போட்ட சேலை கட்டிக்கொண்டு அந்தக் கணினி முன் உட்கார்ந்தேன்.

நான் அடித்த கோப்பு அப்படியே என்னிடம் இருக்கிறது. பேராசிரியரின் முகவரியும் இருக்கிறது. நான் அனுப்பமாட்டேன். நடந்ததைச் சொல்லி நீயே அனுப்ப வேண்டும். அல்லது என் பெயரெழுத்தை எடுத்துவிட்டு உன்னுடையதைப் போட்டுக்கொள்.

போன் செய்யாதே. இரண்டில் எதைச் செய்யப் போகிறாய் என்று எழுத்தில் பதில் அனுப்பு.

தங்கச்செல்வி