பனிக்குள் என் பேர்

புரட்டாசி, சனிக்கிழமை இரவு. திருமலைப் பாதை மண்டபம்.

முனியம்மாவும் நானும் மூட்டையைச் சுமந்துகொண்டு பழவேற்காட்டிலிருந்து நடந்தே வருகிறோம். இன்று மலை ஏறத் தொடங்கினோம். எல்லோரும் "கோவிந்தா" என்று கத்திக்கொண்டு ஏறுகிறார்கள். இவள் மட்டும் "ஏழுமலையானே" என்கிறாள். என் பேர் கோவிந்தன். புருஷன் பேரைச் சொல்லக் கூடாதாம், சாமிக்காகக்கூட. வீட்டிலும் அப்படித்தான். ஒல்லாந்தர் கோட்டையில் எழுத்து வேலை முடிந்து நான் படகில் திரும்பும்போது கரையில் நின்று கைதட்டுவாள். அதுதான் எனக்குப் பேர்.

மத்தியானத்துக்கு மேல் ஒரு திருப்பத்தில் பனி மூடிக்கொண்டது. திரும்பிப் பார்த்தால் அவளைக் காணோம். கைதட்டித்தான் இருப்பாள். ஆனால் அந்தப் பாதையில் எல்லோருமே கைதட்டிப் பாடிக்கொண்டல்லவா ஏறுகிறார்கள்! திகைத்து நின்றேன். அப்போது கீழேயிருந்து "கோவிந்தா!" என்று ஒரு குரல். அத்தனை குரலுக்குள்ளும் அது தனியாகக் கேட்டது. அவள்தான்.

உடனே பதில் கொடுத்திருக்க வேண்டும். இன்னொரு தரம் கேட்கும் ஆசையில் வாயை மூடிக்கொண்டு நின்றேன். இரண்டாம் தரம் குரல் உடைந்துபோயிருந்தது. ஓடி இறங்கினேன்.

"இன்னாய்யா, காது கேக்கல உனக்கு?" என்று அழுதாள்.

"என்னையா கூப்ட்ட?"

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "சாமியத்தான் கூப்ட்டேன்."

அதற்கப்புறம் மண்டபம் வரைக்கும் பழையபடி "ஏழுமலையானே"தான். இப்போது மூட்டைமேல் தலை வைத்துத் தூங்குகிறாள்.

ஏழுமலையானே, நாளைக்கும் கொஞ்சம் பனியை இறக்கிவிடேன்.