பன்னிரண்டாவது சிப்பாய்

என் வீட்டுக்காரருக்கு,

எல்லோருமாக உங்களைப் பாடையில் தூக்கிக்கொண்டு போன அன்று பூட்டிய அறையை, ஒன்பது மாதம் கழித்து நேற்று மதியம்தான் திறந்தேன்.

"மெட்டாலிக் பெயின்ட் ரெண்டு நாள் சும்மா இருந்தா மினுக்குப் பொடி அடியில தங்கிடும், குலுக்கிக்கிட்டே இருக்கணும்" என்பீர்களே. பச்சைப் புட்டியில் பொடி அடியில் தங்கவேயில்லை.

கட்டைவிரல் உயரப் பொம்மைச் சிப்பாய்கள் பன்னிரண்டு பேரில் ஐந்து பேரைத்தான் முடித்திருந்தீர்கள். இப்போது பதினொரு பேர் பச்சைக் கவசத்தில் மின்னுகிறார்கள். பதினோராவது ஆளைத் தொட்டேன். விரலில் பச்சை ஒட்டியது.

மகளைக் கேட்டால், "சாவி உன் இடுப்புலதானேம்மா இருக்கு" என்கிறாள்.

பன்னிரண்டாவது ஆளை எடுத்து ஒளித்துவிட்டேன். எங்கே என்று எழுத மாட்டேன். என்னை விட்டாலும் விடுவீர்கள், எடுத்த வேலையைப் பாதியில் விட மாட்டீர்கள்.

நிதானமாகத் தேடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பிடிவாதக்காரி