பால்கனியில் மூன்று நாள்

அன்புள்ள உங்களுக்கு,

போனில் சொன்னால் பேச்சு வேறெங்கோ போய்விடும், அதனால் எழுதுகிறேன்.

திங்கட்கிழமை இங்கே வாகட்டில் நம் வீட்டு பால்கனிக் கம்பியில் தேனீக் கூட்டம் ஒன்று வந்து தொங்கியது. அபார்ட்மெண்ட் சொசைட்டியில் மருந்தடிக்க ஆளனுப்பினார்கள். தேனீ ஆராய்ச்சி செய்யும் கீழ்வீட்டு அம்ருதாதான் தடுத்தாள்.

"வேணாம் அக்கா, அதுங்க புது வீடு தேடுதுங்க."

இடம் பார்த்துவிட்டு வந்த தேனீ, கூட்டத்தின் மேல் ஏறி உடலை ஆட்டி ஆடுகிறது. ஆடும் கோணம் திசையாம், ஆடும் நேரம் தூரமாம். ஒன்று கிழக்கே என்று ஆடியது, இன்னொன்று தெற்கே என்றது.

"கூட்டம் எது சொல்றதைக் கேக்கும்?" என்றேன்.

"சும்மா நம்பாது அக்கா. தானே போய்ப் பாத்துட்டு வரும். பிடிச்சிருந்தா அதுவும் ஆடும்."

லீவு போட்டுவிட்டு, அந்த ரீங்காரத்தில் பாதி தூக்கமாக உட்கார்ந்திருந்தேன். வெயில் சுவரில் ஏறி இறங்கியது மட்டும் நினைவிருக்கிறது. இன்று நண்பகலில் எல்லாமே தெற்கே என்று ஆடின. பிறகு ஒன்றாக எழுந்து ஆற்றைத் தாண்டிப் போய்விட்டன.

கோவையில் நீங்கள் பார்த்த வீட்டை, பார்க்காமலேயே நான் வேண்டாம் என்றேன். சனிக்கிழமை ரயிலில் வருகிறேன். பார்க்க மட்டும்தான். பிடிக்காவிட்டால் சொல்வேன், முகத்தைத் திருப்பிக்கொள்ளக் கூடாது.

ஸ்டேஷனுக்கு வாருங்கள்.

உங்கள் பிடிவாதக்காரி