பலூன் போட்டதோடு முடிந்துவிடவில்லை, அண்ணா

என் பிரியமான அருள் அண்ணாவுக்கு,

நீ போய் நான்கு மாதமாகிறது. எல்லோரும் உன்னை நினைத்து அழுகிறார்கள். எனக்குக் கோபம்தான் வருகிறது.

அன்றைக்கு உன்னைச் சக்கர நாற்காலியில் வைத்து ஆஸ்பத்திரிக்குள் தள்ளிக்கொண்டு போனேன். ஒரு வார்த்தை பேச மூன்று முறை மூச்சு வாங்கினாய். இதயத்தின் வால்வு சுருங்கி, நுரையீரலில் நீர் கோத்திருந்தது. அந்த நிலையில் நெஞ்சைத் திறந்தால் உன் உடம்பு தாங்காது என்றார்கள். தொடை வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, பலூனால் வால்வை விரித்துவிட்டார்கள்.

டாக்டரம்மா உன் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார்: "இது தற்காலிகம்தான் சார். வால்வு மறுபடி சுருங்கிடும். உடம்பு தேறினதும் ஆபரேஷன் பண்ணியே ஆகணும்." தலையாட்டினாயே, எதற்கு?

மூன்றாம் வாரமே சிவாஜிநகரில் உன் தையற்கடையைத் திறந்துவிட்டாய். ஜோகுபாளையம் வீட்டு மாடிப்படியை நிற்காமல் ஏறிக் காட்டினாய். "பாரு ஸ்டெல்லா, எனக்கு இன்னா கொறச்சல்? சும்னே எதுக்கு நெஞ்சைக் கிழிக்கணும்?" நாங்களும் சிரித்தோம்.

ஆபரேஷனுக்குக் கொடுத்த முதல் தேதிக்குக் கல்யாண ஆர்டர் இருக்கிறது என்றாய். இரண்டாம் முறை ஆஸ்பத்திரியிலிருந்து என் போனுக்கே கூப்பிட்டார்கள். நீ எதிரே உட்கார்ந்து கைஜாடை காட்டினாய். "அண்ணாவுக்கு ஜுரம் மேடம், அடுத்த மாசம் வரோம்" என்று சொன்னவள் நான்.

அப்போதே உனக்கு மறுபடி மூச்சு இரைக்க ஆரம்பித்திருந்ததாமே, கடைப் பையன் பிறகுதான் சொன்னான்! அண்ணியிடம்கூட மறைத்தாயே, ஏன்? கடையில் துணி வெட்டும் மேஜைமேலேயே சாய்ந்தாய். ஆட்டோ ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

கல்லறையில் ஆளாளுக்கு, "ஆண்டவர் கூப்ட்டுக்கினாரு" என்றார்கள். ஆண்டவரா கூப்பிட்டார்? ஆஸ்பத்திரிதான் கூப்பிட்டது, இரண்டு முறை. போகாதவன் நீ. பொய் சொன்னவள் நான்.

எதிர்வீட்டு லூர்து அக்காவுக்கும் போன மாதம் அதே பலூன் வைத்தியம். "ஜம்முனு இருக்கேன்டி, ஆபரேஷன் எதுக்கு?" என்று நேற்று கேட்டாள். தெருவே திரும்பிப் பார்க்கும்படி கூச்சல் போட்டேன். "எங்கண்ணனும் இதைத்தான் சொன்னான். இப்ப எங்க அவன்?" அக்கா அழுதுவிட்டாள். பிறகு சம்மதித்தாள்.

திங்கட்கிழமை நானே கூட்டிப்போகிறேன். ஆபரேஷன் முடிந்து அவள் கண் திறக்கும்வரை அங்கிருந்து நகரமாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு. உன்னை மன்னித்துவிட்டேன் என்று மட்டும் எழுதச் சொல்லாதே.

உன் கூடப்பிறந்தவள்,
ஸ்டெல்லா