ஐந்து மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிடம்

உன் பையைத் திறந்ததும் அந்த வாசனை வந்தது. பழைய ரப்பர், காய்ந்த உப்பு, அடியில் எங்கோ கொஞ்சம் பூஞ்சை. இரண்டு முறை தும்மினேன். மூன்றாவது தும்மலுக்கு முன் நான் உன்னோடு படகில் உட்கார்ந்திருந்தேன்.

பையைக் கொண்டுவந்தது உன் மகள். கல்லறைத் திருநாளுக்காகப் பிரான்சிலிருந்து வந்திருக்கிறாள். நீ போன பிறகு அவள் வரும் முதல் திருநாள். கருவடிக்குப்பத்தில் என் வீட்டைத் தேடிக் கண்டுபிடித்து வந்து, சாப்பாட்டு மேசைமேல் பையை வைத்தாள்.

"அப்பா அலமாரியில இருந்துது மாமா. தூக்கிப் போட மனசு வரல. உங்களுக்குத்தான் இதெல்லாம் என்னன்னு தெரியும்."

ஒவ்வொன்றாக எடுத்து வரிசையாக அடுக்கினேன். முக்குளிக்கும்போது போடும் முகக்கண்ணாடி. ஒரு ஜோடி ரப்பர் காலுறை. ஈயக்குண்டு கட்டிய ஒரு மெழுகுவர்த்தி. கடைசியில், தண்ணீருக்குள் எழுதுவதற்காக நீ வாங்கிய அந்த வெள்ளைப் பலகை, உள்ளங்கை அளவு, கயிற்றில் தொங்கும் பென்சில் துண்டோடு.

"இதுல அப்பா எழுத்து இருக்கு. எனக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. என்ன எழுதியிருக்காரு மாமா?"

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன். அதற்கு என்ன பதில் சொன்னேன் என்பதைப் பிறகு சொல்கிறேன். வரிசையாகச் சொன்னால்தான் எனக்கு வரும், உனக்குத் தெரியும். பொதுப்பணித் துறையில் முப்பத்திரண்டு வருடம் வரைபடம் போட்டவன் நான். அடித்தளம் போடாமல் மேல்தளத்துக்குப் போனதில்லை.

உன் அப்பாவை நீ பார்த்ததில்லை. நீ வயிற்றில் இருந்தபோது சரக்குக் கப்பலில் கொதிகலனுக்குக் கரி தள்ளும் வேலைக்குப் போனவர். உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. திருகோணமலைக்குப் பக்கத்து விரிகுடாவில் குண்டு விழுந்து கப்பல் மூழ்கியது. உடல் கிடைக்கவில்லை. கம்பெனிக்காரர்கள் அனுப்பிய கடிதம் ஒன்றுதான் வீடு வந்து சேர்ந்தது.

நவம்பர் இரண்டாம் தேதி ஊரே கல்லறைத் தோட்டத்தில் கூடும். அவரவர் கல்லறையைக் கழுவி, பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். கழுவுவதற்குக் கல்லறை இல்லாதவர்கள் நடுவில் இருக்கும் பெரிய சிலுவையின் காலடிக்குப் போவார்கள். உன் அம்மா அங்கேதான் நிற்பார். அந்த இடத்தில் காற்று அதிகம். ஏற்றினால் அணையும், மறுபடி ஏற்றுவார். பள்ளிக்கூட நாளில் உன்னோடு ஒரு முறை வந்தேன். மற்றப் பையன்கள் அவரவர் தாத்தா கல்லறைமேல் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். நீ என் காதருகே வந்து, "அவுங்களுக்கெல்லாம் ஒரு கல்லுதான்டா. எங்கப்பாவுக்கு ஒரு கப்பலே இருக்கு" என்றாய். உனக்கு அப்போது பத்து வயது இருக்கும். எவ்வளவு தைரியமானவன் இவன் என்று நினைத்தேன். அன்றிலிருந்து உன்னைப் பற்றி அந்த எண்ணத்தை நான் மாற்றிக்கொள்ளவே இல்லை.

பிறகு நீ பிரெஞ்சு ராணுவத்துக்குப் போனாய். பாலம் கட்டும் பிரிவு. ஓய்வு பெற்று ஊர் திரும்பியபோது மற்றவர்களைப் போல நீயும் பிரெஞ்சுப் பென்ஷன் வாங்கும் சிப்பாய், 'சொல்தா', ஆகியிருந்தாய். காலையில் கடற்கரைச் சாலையில் நடக்கும்போது நான் ஓரமாகப் போவேன், நீ நடுவில் போவாய்.

உன் அப்பாவின் கப்பலைப் பார்க்க ஆட்கள் முக்குளித்துப் போகிறார்கள் என்று நீ கேள்விப்பட்டபோது நமக்கு அறுபத்தேழு வயது.

"வாடா, ரெண்டு பேரும் போவலாம்."

"நானா? ஊர்ல உனக்கு வேற ஆளே கிடைக்கலியா?"

"தனியா வுட மாட்டாங்களாம். ஜோடியாத்தான் எறங்கணும். வேற எவனை நம்புறது? நீதான் ஒழுங்கா எண்ணுவ."

என்னை யாரும் அதற்கு முன் அப்படிப் பாராட்டியதில்லை. சரி என்றேன். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் வயிற்றுப்போக்கு.

ஒரு ஓட்டல் நீச்சல் குளத்தில் பயிற்சி. நமக்குக் கற்றுக்கொடுத்தவர் வீராம்பட்டினத்துக்காரர், நம் பிள்ளைகள் வயதுதான். முதல் நாளே சட்டத்தைச் சொல்லிவிட்டார்: "ஒருத்தர் திரும்பணும்னு கை காட்டினா ரெண்டு பேரும் திரும்பணும் சார். ஏன்னு கேக்கக் கூடாது. மேல வந்தப்புறமும் கேக்கக் கூடாது." எனக்கு அந்தச் சட்டம் மிகவும் பிடித்துப்போனது. வாழ்க்கையில் வேறெங்கும் அப்படி ஒரு சலுகை எனக்குக் கிடைத்ததில்லை. உனக்குப் பிடிக்கவில்லை என்றுதான் நினைத்தேன். நீ குனிந்து காலுறையைக் கழற்றிக்கொண்டிருந்தாய்.

முதுகுச் சிலிண்டரில் இருந்த காற்றை நான் வேகமாகத் தீர்த்தேன். "டேய், நீ மூச்சு வுடறியா இல்ல கணக்குப் போடறியா?" என்று குளத்தின் அந்தக் கரையிலிருந்து கத்தினாய். இரண்டும்தான்.

கப்பலின் கொதிகலன் அறையில் ஒரு மெழுகுவர்த்தி வைத்துவிட்டு வரவேண்டும், இதுதான் உன் ஆசை. ஏற்ற முடியாது, வைக்கத்தான் முடியும். மெழுகு மிதக்கும் என்று நான்தான் சொன்னேன். நீ என்னை முறைத்துப் பார்த்தாய். "முப்பது வருஷம் பட்டாளத்துல பாலம் கட்டினேன். இது தோணல பாரு" என்றாய். அன்று மாலையே வீராம்பட்டினம் போய், வலையின் அடிக்கயிற்றில் கட்டும் ஈயக்குண்டு ஒன்று வாங்கி வந்தோம். மெழுகின் அடியைச் சூடாக்கி அதில் பதித்து, நைலான் நூலால் எட்டுச் சுற்றுச் சுற்றினேன். என் வாளியில் போட்டுப் பார்த்தோம். நேராக இறங்கி நின்றது. நீ கைதட்டினாய்.

திருகோணமலை போய்ச் சேர்ந்ததும் இன்னொரு ஏற்பாடும் செய்தேன். கண்ணாடி இல்லாமல் எனக்குக் கிட்டத்தில் இருப்பது தெரியாது. காற்று எவ்வளவு மிச்சம் என்று காட்டும் கடிகாரத்தில் எண்கள் எனக்கு எறும்பு வரிசை. பாதிக் காற்று தீர்ந்ததும் திரும்ப வேண்டும் என்று முடிவு செய்திருந்தோம். அந்தப் பாதிக்கு நேராகக் கடிகாரக் கண்ணாடியின்மேல் சிவப்பு நாடா ஒரு துண்டு ஒட்டினேன். முள் நாடாவைத் தொட்டால் திரும்புவது. எண் படிக்க வேண்டியதில்லை.

நம்மைக் கூட்டிப்போன வழிகாட்டி திருகோணமலைத் தமிழர். நான் பட்டைகளை மூன்றாவது முறை இழுத்துப் பார்ப்பதைக் கண்டு, "பயப்பிடாதேங்கோ ஐயா. வெறும் இருபது மீற்றர்தான்" என்றார். அந்த 'வெறும்' எனக்கு உதவவில்லை. "அலே!" என்று பட்டாளத்துப் பிரெஞ்சில் கத்திக்கொண்டு நீ குதித்தாய். நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுந்தேன்.

நங்கூரக் கயிற்றைப் பிடித்து இறங்கினோம். முதலில் பச்சை, பிறகு நீலம், பிறகு நீலத்துக்குள் ஒரு இருட்டு. அந்த இருட்டுக்கு மெல்ல மெல்ல விளிம்பு வந்தது. கப்பல். பழைய சரக்குக் கப்பல்களின் வரைபடங்களைத் தேடிப் பிடித்து, அவற்றைப் பார்த்து நான் ஒரு மாதம் வரைந்து பழகியிருந்தேன். எந்தக் கோடும் அங்கே நேராக இல்லை. கைப்பிடிக் கம்பிகளின்மேல் விரல் விரலாகப் பவளம் வளர்ந்திருந்தது. பாரம் தூக்கும் சங்கிலி தரையில் சுருண்டு கிடந்தது, அதன்மேல் மஞ்சள் மீன்கள் நின்றன. நீ இரும்பை உள்ளங்கையால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு போனாய். மாட்டை வாங்கப் போகிறவன் அதன் முதுகைத் தடவுவது போல.

கொதிகலன் அறைக்கு மேலே தளத்தில் ஒரு சதுரத் திறப்பு. வழிகாட்டி அதற்குள் விளக்கை அடித்துக் காட்டினார். ஏணியின் மூன்று படி தெரிந்தது. நான்காவது தெரியவில்லை. இங்கேதான், என்று கை காட்டினார்.

நீ விளிம்பை ஒரு கையால் பிடித்தாய். மறு கையில் மெழுகுவர்த்தி. அப்படியே நின்றாய். செபம் சொல்கிறாய் என்று நினைத்தேன்.

நான் என் முள்ளைப் பார்த்தேன். அது சிவப்பு நாடாவைத் தொடவில்லை. நடுவில் ஒரு நகத்தின் அகலம் இடைவெளி இருந்தது. அந்த நகத்தளவில் நீ இறங்கி, வைத்துவிட்டு ஏறியிருக்கலாம். எனக்குத் தெரியும். நான் திறப்பைப் பார்த்தேன், நான்காவது படி இருக்க வேண்டிய இடத்தைப் பார்த்தேன். என் கை தானாக எழுந்து, திரும்பலாம் என்று காட்டியது.

நீ என்னைப் பார்த்தாய். என் கடிகாரத்தைக் கேட்கவில்லை. திரும்பினாய். மெழுகுவர்த்தியும் உன்னோடு திரும்பியது.

மேலே வரும் வழியில் ஐந்து மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிடம் நிற்க வேண்டும், உடம்பு சமநிலைக்கு வருவதற்காக. கயிற்றைப் பிடித்துக்கொண்டு எதிரெதிரே மிதந்தோம். நான் எண்ணிக்கொண்டிருந்தேன். எண்பதோ என்னவோ எண்ணும்போது நீ பலகையை எடுத்து எழுதினாய், என் முகத்துக்கு நேரே நீட்டினாய். வெள்ளையில் சாம்பல் நிறக் கோடுகள். என் கண்ணாடி படகில், சட்டைப் பையில் இருந்தது.

படிக்க முடியவில்லை என்று காட்ட ஒரு சைகை இருந்திருக்கும். அந்தக் கணத்தில் எதுவும் நினைவுக்கு வரவில்லை. நீ திட்டி எழுதியிருப்பாய் என்று பயந்தேன். 'மறுபடி போவலாமா' என்று கேட்டிருப்பாயோ என்று அதைவிட அதிகமாகப் பயந்தேன். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளையமாகச் சேர்த்து, சரி என்று காட்டினேன். நீ என் மணிக்கட்டைப் பிடித்தாய். மிச்ச நேரம் முழுவதும் விடவில்லை. பயந்தவன் பலூன் மாதிரி மேலே போய்விடக் கூடாது என்று பிடித்திருக்கிறாய், எனக்கு அப்படித்தான் பட்டது.

படகில் ஏறியதும் வழிகாட்டி, "நாளைக்கும் வாங்கோ ஐயா. கப்பல் எங்கையும் ஓடாது" என்றார்.

"நாளைக்கா? இவனைக் கூட்டிக்கிட்டா? என் காலைப் புடிச்சி இழுத்துட்டான் தம்பி!" என்று சிரித்தாய். நான் உன் காலைத் தொடவே இல்லை. ஆனாலும் மறுத்துப் பேசவில்லை. "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றாய். அடுத்த வருடமும் அதையே சொன்னாய். பிறகு உன் காதில் கோளாறு, பிறகு உன் இதயத்தில்.

கடற்கரைச் சாலையில் நடக்கிற அத்தனை பேருக்கும் கதை சொன்னாய். "அப்பா வாசல் வரைக்கும் போயிட்டேங்க. இந்தத் தொடைநடுங்கி வுடல." அவர்கள் சிரிப்பார்கள். நான் கடலைப் பார்ப்பேன். கதை முடிந்ததும் அவர்களுக்குத் தெரியாமல் என் பக்கம் திரும்பி விரலை வளையமாக்கிக் காட்டுவாய். கிண்டலை அதோடு முடித்துவைக்கிறாய் என்று எடுத்துக்கொள்வேன். எனக்கு வலித்ததில்லை என்று சொன்னால் பொய். ஆனால் நகத்தளவு இடைவெளியை நினைத்துக்கொள்வேன். எவ்வளவு கிண்டலுக்கும் நான் தகுதியானவன் என்று தோன்றும். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று எத்தனையோ நாள் காலையில் வீட்டிலிருந்து கிளம்பினேன். உன்னைப் பார்த்ததும் வானிலை பற்றிப் பேசினேன்.

கடைசியாக நம் ஊர்க் கதிர்காமம் ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கடைசி வரைக்கும் ஒரு வார்த்தை சொல்லலியேடா நீ" என்றாய். நான் கேட்காத மன்னிப்பைத்தான் சொல்கிறாய் என்று வாய் திறந்தேன். நீ கண்ணை மூடிவிட்டாய். இரண்டு நாளில் போய்விட்டாய். அந்த ஒரு வார்த்தையோடு நான் ஒரு வருடமாகத் தூங்கி எழுகிறேன்.

இப்போது பலகை. பென்சில் எழுத்து கொஞ்சம்கூட மங்கவில்லை. தேய்த்தால் போகும், நீ தேய்க்கவில்லை. உன் கோணல் எழுத்தில் நான்கு வரி:

'நல்லவேளை நீ திரும்பின.
எனக்கு உள்ள எறங்க பயம்.
யார்கிட்டயும் சொல்லாத.
சரியா?'

நான் சரி என்று காட்டியிருந்தேன். அந்த வாக்கை, என்ன வாக்கு என்றே தெரியாமல், இத்தனை வருடம் காப்பாற்றியிருக்கிறேன்.

"என்ன மாமா, ஏன் அழறீங்க? அப்பா என்ன எழுதியிருக்காரு?"

நான் பொய் சொல்லத் தெரியாதவன். மூக்கைச் சிந்தினேன், கண்ணாடியைத் துடைத்தேன். "'இந்தத் தொடைநடுங்கி வுட மாட்டேங்கறான், திரும்பிடலாம்'னு எழுதியிருக்கான்மா" என்றேன்.

அவள் உன்னைப் போலவே தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். "அப்பா ஃபோன்லகூட இதையேதான் சொல்லுவாரு! உங்களை ரொம்பப் படுத்தியிருக்காரு இல்ல?"

"ரொம்ப" என்றேன். "இந்தப் பலகையை நான் வெச்சிக்கட்டுமா?"

"உங்களுதுதான் மாமா."

அவளுக்குத் தமிழ் படிக்க வராது என்ற தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன். நீ கோபித்துக்கொள்ள மாட்டாய். உன் ரகசியத்தை உனக்கே அல்லவா எழுதுகிறேன். பதிலுக்கு என்னுடையதையும் சொல்லிவிட்டேன், மேலே. முள் நாடாவைத் தொடவில்லை.

நேற்றுக் கல்லறைத் தோட்டத்துக்கு அவளோடு போனேன். முதலில் பெரிய சிலுவையின் காலடி. அங்கே எப்போதும் போலக் காற்று. மற்றவர்களின் மெழுகுவர்த்திகள் சாய்ந்துகொண்டிருந்தன. உன் அப்பாவுக்காக நீ கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவந்ததை அவள் ஏற்றி வைத்தாள். ஈயக்குண்டு இருந்ததால் அது சாயாமல் நின்றது. சுடர் மூன்று முறை படுத்து எழுந்தது. நான் எண்ணினேன்.

பிறகு உன்னிடம் வந்தோம். அவள் குனிந்து உன் கல்லைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் நின்றபடி, விரலை வளையமாக்கி உனக்குக் காட்டினேன். இந்த முறை படித்துவிட்டுத்தான் காட்டினேன்.