பூட்டியிருந்த நாற்பது நாள்

தம்பிக்கு,

பிள்ளை ஒழுங்காகப் பால் குடிக்கிறானா?

நேற்று எழுமலையில் உன் வீட்டிலிருந்து மதுரைக்கு வந்து இறங்கினால், என் வீட்டுக் கதவில் வீட்டு வசதி வாரியத்தின் நோட்டீஸ். கைவிடப்பட்ட வீடு என்று போட்டிருக்கிறது. மூன்று முறை வந்து தட்டினார்களாம், கரண்டு மீட்டரும் ஓடவில்லையாம். எப்படி ஓடும்? அந்த நாற்பது நாளும் நான் உன் மனைவிக்குப் பத்தியச் சோறு பொங்கிக்கொண்டிருந்தேன்.

ஆபீசுக்குப் போய்ச் சத்தம் போட்டேன். அங்கிருந்தவர் ஃபைலைத் திருப்பிக் காட்டினார்.

"இங்க யாரும் குடியில்லன்னு எழுதிக் குடுத்தது ஒங்க தம்பிதாம்மா. வீட்டைத் தனக்குக் கேட்டு மனுவும் போட்டிருக்காரு."

உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா? மறுப்பு மனு கொடுக்கப் பதினைந்து நாள் இருக்கிறது, கொடுப்பேன்.

பிள்ளை பிறந்ததும் சர்க்கரைத் தண்ணீரை என்னிடம் நீட்டி, "நீயே சேனை வையிக்கா, ஒன் கொணம் அவனுக்கு வரட்டும்" என்றாய். நீ எழுதிக் கொடுத்ததில் இருப்பது அதற்கு முந்தின நாள் தேதி.

அவன் நாக்கில் சேனை வைத்தது நான்தான். என் குணம்தான் அவனுக்கு வரும். அவனும் உன்னை நம்புவான்.

இந்த வீட்டில் குடியிருக்கும்,
உன் அக்கா